மேசைக்கு அடியில் ஒரு பலகை

நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவரின் பாதம் தரையில் முழுமையாகப் பதியாதபோது, அந்த இடைவெளியை நிரப்ப மேசைக்கு அடியில் வைக்கப்படுவது கால்பலகை. மரப்பெட்டியாகவோ பிளாஸ்டிக் தட்டாகவோ பஞ்சுத் திண்டாகவோ அது இருக்கலாம். பாதம் முழுவதும் பதிய வேண்டும், தொடை நாற்காலியின் விளிம்பில் அழுந்தக் கூடாது, முதுகு சாய்மானத்தை விட்டு நழுவக் கூடாது. இந்த மூன்றும் நிறைவேறினால் கால்பலகை தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம்.

கால் தொங்கினால் முதலில் பாதிக்கப்படுவது தொடையின் அடிப்பகுதி. தரை தாங்க வேண்டிய காலின் எடையை நாற்காலியின் முன்விளிம்பு தாங்குகிறது. முழங்காலின் பின்மடிப்பு வழியாகச் செல்லும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அங்கே அழுத்தப்படுகின்றன. மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மாலையில் கணுக்காலில் வீக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். காலிலிருந்து ரத்தத்தை மேலேற்றுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. பாதத்தை ஊன்றி அசைக்கும்போதுதான் அந்தத் தசை சுருங்கி விரிகிறது. அந்தரத்தில் தொங்கும் காலுக்கு அந்த வாய்ப்பு குறைவு. இரண்டாவது பாதிப்பு முதுகுக்கு. பாதத்துக்குப் பிடிமானம் தேடி உடல் தானாகவே முன்னால் நகர்கிறது. இருக்கையின் நுனியில் உட்கார்ந்தவுடன் சாய்மானத்தால் பயன் இல்லை. இடுப்பு வளைந்து, முழு எடையும் கீழ்முதுகில் இறங்குகிறது. இப்படி வரும் முதுகுவலிக்கு நாற்காலியைக் குறை சொல்லிப் புது நாற்காலி வாங்குவோர் பலர். கோளாறு பெரும்பாலும் மேசையின் உயரத்தில் இருக்கிறது.

அலுவலக மேசைகள் பொதுவாக 75 செ.மீ. உயரத்தில் செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தென்கேரளத்தில், நெய்யாற்றின்கரையின் கூட்டுறவு வங்கியிலும், பாறசாலையின் அட்சய மின்சேவை மையத்திலும், உதியன்குளங்கரையில் வீட்டின் முன்னறையில் கணினி வைத்து வேலை பார்ப்பவரிடமும் இருப்பது ஏறத்தாழ இதே உயரந்தான். 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் அதன் முன் அமர்வதாகக் கொள்வோம். வெறுங்காலோடு உள்ளவருக்கு முழங்கால் மடிப்பின் உயரம் மொத்த உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. இவருக்கு அது 37 அல்லது 38 செ.மீ. அமர்ந்த நிலையில் முழங்கை, இருக்கையிலிருந்து 20 முதல் 22 செ.மீ. மேலே இருக்கும். தோளைத் தூக்காமல் தட்டச்சு செய்ய முழங்கை மேசைப் பரப்பின் மட்டத்துக்கு வர வேண்டும். அப்படியானால் இருக்கை 54 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பாதத்துக்கும் தரைக்கும் இடையே 16 செ.மீ. இடைவெளி விழுகிறது. 172 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கும் இதே கணக்கில் 8 செ.மீ. அளவுக்கு இடைவெளி வருகிறது. ஆக, கால்பலகை குட்டையானவர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் தவறு. 75 செ.மீ. மேசையில் நாள் முழுதும் தட்டச்சு செய்யும் பெரும்பாலோருக்கு அது தேவைப்படும்.

உயரம் மாற்ற முடியாத பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அதன் இருக்கை 43 செ.மீ. அளவில் இருக்கும். மேசை எட்டாததால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நாற்காலிகளை அடுக்கி, மேலே ஒரு தலையணையும் போட்டு அமர்வது சிறு கடைகளிலும் ஜெராக்ஸ் நிலையங்களிலும் அன்றாடக் காட்சி. கைக்கு மேசை எட்டிவிடுகிறது, ஆனால் கால் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. பிறகு அந்தக் கால்கள் நாற்காலியின் கம்பிக்கோ காலுக்கோ பின்னால் மடங்கிக்கொள்கின்றன, அல்லது மேசைக்கடியில் உள்ள யுபிஎஸ் பெட்டியின் மேல் ஏறிக்கொள்கின்றன. யுபிஎஸ் சூடாகும் கருவி. வயர்கள் பின்னிக் கிடக்கும் இடம். அதைக் கால்பலகையாக வைத்துக்கொள்வது ஆபத்து.

கால் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு பழைய விடை உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், திவானாக இருந்த உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அரசரின் பெயரையே தாங்கிய ஊர் அது. அங்கே இன்றும் இயங்குவது குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் போட்ட பலகையில் அமர்கிறார். கால்கள் குழிக்குள் இறங்கி மிதிகளின் மேல் நிற்கின்றன. ஒரு மிதியை அழுத்தினால் அதோடு கயிற்றால் கட்டிய விழுது கீழிறங்கிப் பாவு நூல் இரண்டாகப் பிரிகிறது. நாடா ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓடுகிறது. அடுத்த மிதி, அடுத்த ஊடை. குழி ஆழமானால் கால் மிதியை எட்டாது, ஆழம் குறைந்தால் முழங்கால் படைமரத்தில் இடிக்கும். ஆகவே தறி போடும்போதே காலின் நீளம் கணக்கில் வந்துவிடுகிறது. குழித்தறியிலும் துன்பம் உண்டு. முன்னால் குனிந்தே இருப்பதால் முதுகு வலிக்கும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். ஆனால் வேலை செய்பவரின் காலை அளந்த பிறகே வேலையிடம் அமைக்கும் அந்த ஒழுங்கு மேசை உலகத்தில் தொலைந்துபோயிருக்கிறது. மேசையும் நாற்காலியும் தொழிற்சாலையில் ஒரே அளவில் வருகின்றன. அவற்றுக்கேற்ப உடல் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

எனவே தேர்வின் முதல் படி கடையில் தொடங்குவதில்லை, அளவெடுப்பதில்தான் தொடங்குகிறது. மேசையின் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். மர மேசையாக இருந்து, அதன் கால்களை 5 செ.மீ. அறுத்துக் குறைக்க முடிந்தால், அல்லது விசைப்பலகையை வைக்க மேசைக்குக் கீழே இழுப்புத் தட்டு பொருத்த முடிந்தால், அதுவே சிறந்த வழி. மூல காரணத்தையே அது சரிசெய்கிறது. வாடகைக் கட்டடம், பொது மேசை, சுவரோடு சேர்த்துக் கட்டிய கவுன்டர் ஆகியவற்றில் இது நடக்காது. அங்கேதான் கால்பலகை வேண்டும்.

அளவெடுக்க வழக்கமாக வேலை செய்யும் நிலையிலேயே அமர வேண்டும். இடுப்பு சாய்மானத்தைத் தொட்டிருக்க, தோள்கள் தளர்ந்திருக்க, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்த வேண்டும். இனி நாற்காலியைத் தொடக் கூடாது. இந்த நிலையில் குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியே கால்பலகையின் உயரம். பணம் செலவழிக்கும் முன் அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி, பழைய பத்திரிகைகளை அந்த உயரத்துக்கு அடுக்கிச் சணலால் இறுகக் கட்டி, சில நாட்கள் அதன்மேல் கால் வைத்து வேலை செய்வது. நாற்காலியின் முன்விளிம்புக்கும் தொடைக்கும் இடையே இரண்டு விரல்கள் நெருக்கடியின்றி நுழைந்தால் உயரம் போதும். முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறி, உடலின் எடை புட்டத்தில் மட்டும் குவிந்தால் உயரம் அதிகம். பத்திரிகைகளைக் கூட்டியும் குறைத்தும் சரியான அளவைக் கண்டுபிடிக்கலாம்.

செருப்பின் கணக்கை இங்கே மறக்கக் கூடாது. மேலைநாட்டு அளவுகள் காலணி அணிந்த பாதத்தைக் கொண்டு போடப்பட்டவை. அவற்றில் 2 முதல் 3 செ.மீ. சேர்ந்திருக்கும். இந்தப் பகுதியில் வீட்டிலும் பல அலுவலகங்களிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். ஆகவே வெறுங்காலோடுதான் அளவெடுக்க வேண்டும். உயரத்தை மாற்றும் வசதியுள்ள கால்பலகைகள் பலவும் ஐரோப்பிய உடலளவை ஒட்டி வந்தவை. ஜெர்மனியின் டின் 4556 தரம் கால்பலகைக்குக் குறைந்தது 45 செ.மீ. அகலமும் 35 செ.மீ. ஆழமும் கேட்கிறது, சாய்வு 5 முதல் 15 பாகை வரையும், உயரம் 11 செ.மீ. வரையும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அகலமும் ஆழமும் சாய்வும் நமக்கும் பொருந்தும். உயரம் பொருந்துவதில்லை. மேலே சொன்ன பெண்ணுக்கு 16 செ.மீ. வேண்டியிருக்கும்போது 11 செ.மீ.யில் நின்றுவிடும் பலகை பாதி வேலையைத்தான் செய்யும். விற்பனை விளம்பரத்தில் சாய்வும் மசாஜும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும், உயரம் சிறு எழுத்தில் இருக்கும். வாங்குபவர் முதலில் தேட வேண்டியது அந்தச் சிறு எழுத்தைத்தான்.

அகலத்திலும் சிக்கனம் கூடாது. இரண்டு பாதமும் ஒட்டி நிற்கும் அளவுக்கு மட்டும் இடம் கொடுத்தால், கால் நாள் முழுதும் ஒரே நிலையில் கட்டுண்டு கிடக்கும். ஒரு காலை முன்னால் நீட்டவும், பக்கவாட்டில் நகர்த்தவும், அவ்வப்போது இறக்கி வைக்கவும் இடம் வேண்டும். லேசான முன்சாய்வு கணுக்காலுக்கு இதமானது. ஆனால் செங்குத்தான சாய்வில் வெறும்பாதம் வழுக்கும், குதிகால் தசைநாண் இழுபடும். முன்னும் பின்னும் ஆடும் வகைப் பலகை கெண்டைக்கால் தசைக்கு வேலை கொடுப்பதால் நல்லது. ஆனால் அதன் அச்சுக்கும் தட்டுக்கும் இடையே சேலைக் கரையோ வேட்டியின் நுனியோ துப்பட்டாவோ சிக்கக்கூடிய திறந்த இடுக்கு இருக்கக் கூடாது. எழுந்திருக்கும் அவசரத்தில் சேலை மாட்டினால் விழுவது உறுதி. அலுவலக நாற்காலியின் உருளையில் ஏற்கெனவே சேலை மாட்டிக் கிழிந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரப்பில் முள்போன்ற புடைப்புகள் கொண்ட ‘அக்குபிரஷர்’ பலகைகளைச் சர்க்கரை நோயாளிகள் தவிர்க்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்கும். புடைப்பு உரசிப் புண்ணானாலும் தெரியாது. அந்தப் புண் ஆறுவதும் கடினம். சர்க்கரை நோய் பரவலாக உள்ள கேரளத்திலும் குமரியிலும் இந்த எச்சரிக்கை எந்த மசாஜ் பயனையும்விடப் பெரியது. அவர்களுக்கு வேண்டியது மழுமழுப்பாக இழைத்த, ஆணித்தலை துருத்தாத, ஓரம் உருட்டப்பட்ட பரப்பு. கர்ப்பிணிகளுக்குக் கால் வீக்கம் இயல்பாகவே இருக்கும். ஏறவும் இறங்கவும் தடுக்காதபடி, நாற்காலியை விட்டு எழும்போது காலால் எளிதாகத் தள்ளிவிடக்கூடிய பலகை அவர்களுக்குப் பொருந்தும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் திடீரென்று வந்தால் அது கால்பலகையால் தீரும் விஷயம் அன்று. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, எதில் செய்தது என்ற கேள்வி. தென்மேற்குப் பருவமான இடவப்பாதியிலும் வடகிழக்குப் பருவமான துலாவர்ஷத்திலும் ஆண்டுக்கு இருமுறை மழை பெய்யும் மண் இது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் ஊதிப்போகும். தரையைத் துடைக்கும் நீர் தினமும் அதன் அடியில் தேங்கினால் இன்னும் சீக்கிரம். பஞ்சுத் திண்டு காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் வெறுங்காலின் வியர்வையை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். கழற்றித் துவைக்கக்கூடிய உறை இல்லாத திண்டை இந்தத் தட்பவெப்பத்தில் வாங்கக் கூடாது. மேலும், எடை ஏறினால் அது அமுங்கும். தேவையான உயரத்தைவிட 2 அல்லது 3 செ.மீ. கூடுதலாக வாங்கினால்தான் கணக்கு சரிவரும். பிளாஸ்டிக் ஈரத்தைத் தாங்கும். ஆனால் பளபளக்கும் டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும், அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் பட்டை இல்லையென்றால் கால் வைத்தவுடன் பின்சுவர்வரை போய்விடும். மேசையின் குறுக்குச்சட்டத்தில் கட்டித் தொங்கவிடும் துணித் தொட்டில் வகை, ஊன்றுவதற்கு உறுதியான தளம் தருவதில்லை. லேசான மேசையையும் இழுக்கும். ஓய்வாகக் காலை நீட்டுவதற்கு அது ஆகலாம், வேலைக்கு ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமானது ஊர்த் தச்சர் செய்து தரும் மரப்பலகை. சமையலறையில் அமர்ந்து தேங்காய் துருவவும் காய் நறுக்கவும் பயன்படும் கொரண்டியைச் செய்யத் தெரிந்தவருக்கு இது புதிய வேலையே அன்று. அயனியும் பலாவும் இங்கே வீட்டு மரங்கள். வாசற்படியும் கட்டிலும் செய்து மிஞ்சும் துண்டுகளே ஒரு கால்பலகைக்குப் போதும். ரப்பர் மரம் மலிவு. ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் வண்டு துளைக்கும், அதை வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தச்சர்களின் பழைய கோல் கணக்கில் ஒரு கோல் 72 செ.மீ.; அதில் 24 விரல், ஒரு விரல் 3 செ.மீ. அந்தக் கணக்கில் 75 செ.மீ. மேசை ஒரு கோல் ஒரு விரல். நான்கு விரல் பலகை 12 செ.மீ., ஐந்து விரல் 15 செ.மீ. பத்திரிகைக் கட்டில் கண்டுபிடித்த உயரத்தை மேற்பரப்பின் நடுவுக்கு வைத்து, முன்பக்கம் ஒரு விரல் குறைவாகவும் பின்பக்கம் ஒரு விரல் கூடுதலாகவும் இழைத்துத் தந்தால் சாய்வும் சரியாக வந்துவிடும். 35 செ.மீ. ஆழத்துக்கு அது ஏறத்தாழ 10 பாகைச் சாய்வு. அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் வழுக்காது. தூசி பெருக்க ஏதுவாக அடிப்பக்கம் திறந்திருக்கட்டும்.

ஒரே மேசையை இருவர் பயன்படுத்தும் இடத்தில் ஒரே உயரம் உதவாது. பகலில் தாய் கணினி வேலை செய்து, மாலையில் பிள்ளை பாடம் படிக்கும் வீடுகள் ஏராளம். பிள்ளைக்கு 20 செ.மீ.க்கு மேலும் தேவைப்படலாம். 10 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டியும், அதன்மேல் பொருந்தி உட்காரும்படி விளிம்பு வைத்த இன்னொரு பெட்டியும் செய்துகொண்டால் தேவைக்கேற்ப அடுக்கலாம். முறைவைத்து ஆட்கள் மாறும் கவுன்டர்களுக்கு, திருகிலோ படிகளிலோ உயரம் மாற்றும் வகையே சரி. குனிந்து கையால் திருக வேண்டியிருந்தால் யாரும் மாற்ற மாட்டார்கள். காலாலேயே மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது.

கால்பலகையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சரியான உயரத்தில் சரியான பலகை இருந்தாலும், மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் இருப்பதன் தீங்கை அது நீக்காது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில அடி நடப்பதற்கு மாற்று இல்லை. பாறசாலையிலிருந்து காலை ரயிலேறித் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் பேருந்தில் போகிறவர் வேலைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தே பயணம் செய்கிறார். பயணத்தில் எழுந்து நடக்க முடியாத அவருக்கு, அலுவலகத்தில் எழுந்து நடப்பது இன்னும் அவசியம்.

பலகைக்கு யார் பணம் கொடுப்பது? ஐரோப்பியச் சமூகம் 1990-இல் கொண்டுவந்த திரைக்கருவிப் பணி நெறிமுறையும், அதைப் பின்பற்றி பிரிட்டன் 1992-இல் இயற்றிய விதிகளும், கேட்கும் ஊழியருக்குக் கால்பலகை தரப்பட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. இங்கே சட்டம் இருக்கைவரை வந்திருக்கிறது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி கேட்டது. கோழிக்கோட்டில் பி. விஜி முன்னின்று நடத்திய ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு, கேரளம் 2018-இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. தமிழ்நாடு 2021-இல் அதே வழியில் தன் சட்டத்தைத் திருத்தியது. எல்லை ஊர்களில் இரண்டு சட்டங்களும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன. 1956-இல் மாநில எல்லைகள் மாற்றப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் பாறசாலையில் குடியிருந்து களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் கடைவேலைக்குப் போகிறவர்களும், அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு. உட்கார நாற்காலி தர வேண்டும் என்று இரண்டு மாநிலங்களும் சொல்லிவிட்டன. கால் எட்டாத நாற்காலியைத் தருவது அந்த உரிமையைப் பாதியில் நிறுத்துவதாகும். பணம் வாங்கும் கவுன்டரில் உயர ஸ்டூலில் அமரும் பெண்ணுக்குக் கால் ஊன்ற ஒரு குறுக்குக்கட்டையாவது இருந்தாக வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சிகளும் கூட்டுறவு வங்கிகளும் மேசை, நாற்காலி வாங்க விலைப்புள்ளி கேட்கும்போதே நிபந்தனைகளை எழுதலாம். கணினி மேசையின் உயரம் 68 முதல் 70 செ.மீ. அல்லது உயரம் மாற்றத்தக்கது. மேசைக்கு அடியில் கால்பலகைக்கு இடம் விட்டு யுபிஎஸ்ஸும் வயர்களும் ஒருபக்கமாக ஒதுக்கப்பட்டிருப்பது. கேட்கும் ஊழியருக்கு 15 செ.மீ. வரை உயர்த்தக்கூடிய, 45 செ.மீ. அகலமுள்ள கால்பலகை. இந்த மூன்றையும் எழுத ஒரு பக்கம் போதும்.